குட்டி முயலின் காதுச் சொறி: எண்ணெயா, ஆட்டு ஊசியா, துளி மருந்தா, வைத்தியரா?

பிறந்து ஆறு கிழமையான குட்டி முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. பின்னங்காலைத் தூக்கிக் காதடியைச் சொறிகிறது. பிடித்துப் பார்த்தால் காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்குக் கட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாலைந்து முயல் வளர்க்கிற எந்த வீட்டிலும் என்றோ ஒருநாள் வருகிற பிரச்சினைதான். குசினியில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. பக்கத்து வளவில் ஆட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஊசி மருந்து இருக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் பூனைக்கு விற்கிற துளி மருந்து கிடைக்கலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகமும் பெரும்பாலானோருக்கு எட்டுகிற தூரத்தில்தான். இந்த நாலில் எதைப் பிடிப்பது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதில் சொறிப் பொருக்கு மட்டும்தான் என்றால், வைத்தியர் எடை பார்த்து அளந்து போடுகிற ஊசிதான் முதல் தெரிவு. எண்ணெய், வைத்தியரிடம் போகும்வரை குட்டிக்குக் கொஞ்சம் ஆறுதல். துளி மருந்து நல்லது, ஆனால் எது, எவ்வளவு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆட்டு மருந்தை நாமே குத்துவது குட்டிகள் விடயத்தில் வேண்டவே வேண்டாம். தாய் முயலுக்குக் குத்தி ஒன்றும் நடக்காததைப் பார்த்துவிட்டுக் குட்டிக்கும் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஏன் பிழைக்கிறது என்பதைக் கீழே எண்ணோடு காட்டுகிறேன்.

முதலில் காதைப் பாருங்கள்

மருந்தைத் தெரிவுசெய்ய முன் காதில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். குட்டியை ஒரு துவாயில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகும் பின்னங்கால்களும் இறுகத் தாங்கப்பட்டிருக்க வேண்டும். முயல் திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அது கைபிடி இல்லை. உள்ளே ஓடுவது மெல்லிய குருத்தெலும்பும் இரத்தக் குழாய்களும். அப்புறம் போன் டோர்ச்சை அடித்து உள்ளே பாருங்கள்.

நல்ல காது மெல்லிய இளஞ்சிவப்பாக இருக்கும். கொஞ்சம் மஞ்சள் குறும்பி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சொறிக் காதில் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், தட்டுத் தட்டாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பொருக்கு இருக்கும். முற்றிய காதில் அது குழாயையே அடைத்து நிற்கும். அடியில் தோல் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் குட்டி கீச்சிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பஞ்சுக் குச்சியை எண்ணெயில் நனைத்து, தானாகக் கழன்று நிற்கிற பொருக்குத் துணுக்கு ஒன்றை மட்டும் எடுத்து, கறுப்புக் கடதாசியில் வைத்து வெயிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் அசையத் தொடங்கும். பூதக்கண்ணாடி இருந்தால் கால்களே தெரியும். இவைதான் சொரோப்டெஸ் குனிக்குலி என்கிற சிற்றுண்ணிகள். அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேல்தோலிலேயே இருந்து அரிக்கின்றன. அந்த இடத்தில் கசிகிற நீர்தான் காய்ந்து பொருக்காகிறது. முட்டை, கழிவு, செத்த தோல் எல்லாம் அந்தப் பொருக்குக்குள்தான்.

பொருக்கைக் கையால் உரிக்க வேண்டாம். பார்த்தால் உரிக்கத்தான் மனம் வரும். ஆனால் அடியில் இருப்பது பச்சைப் புண். உரித்தால் இரத்தம் வரும், அந்த நோவில் குட்டி சாப்பாட்டை விடும். மருந்து வேலை செய்தால் பொருக்கு தானாக உதிரும்.

பொருக்கு எல்லாம் இந்தச் சிற்றுண்ணியால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காது விளிம்பிலும் மூக்கு நுனியிலும் உதட்டிலும் வெண்பொருக்குத் தொடங்கினால் அது சார்கோப்டெஸ் என்கிற வேறொரு சிற்றுண்ணி தருகிற சொறியாக இருக்கலாம். அது ஆளுக்கும் தற்காலிகமாக அரிப்பைக் கொடுக்கும். காதடியில் வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் கட்டினால் படர்தாமரை. வீட்டுப் பிள்ளையின் முழங்கையிலும் வட்டம் தெரிந்தால் அதுவேதான். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும், சிற்றுண்ணி மருந்து வீண். கூட்டாளி கடித்த காயத்திலும் கம்பி கிழித்த காயத்திலும் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், அதைக் காலை மாலை பார்க்க வேண்டும். இன்னொன்று, கோடையில் காதைத் தொட்டுவிட்டு "காய்ச்சல்" என்று பதறி வருகிறவர்கள் உண்டு. முயல் உடம்புச் சூட்டை வெளியே விடுவதே காதால்தான். சித்திரை வெயிலில் காது சுடாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எண்ணெய்

எண்ணெய்க்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, காசு இல்லை, சரியாகப் போட்டால் குட்டிக்குத் தீங்கும் இல்லை. சிற்றுண்ணி மூச்சுவிட முடியாமல் சாகும். பொருக்கு இளகும், அரிப்புத் தணியும். நல்ல மருந்துகள் வருவதற்கு முன் உலகம் முழுக்க முயல் வளர்த்தவர்கள் எண்ணெயைத்தான் நம்பியிருந்தார்கள்.

முறை இதுதான். தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயைக் கைச்சூட்டுக்குக் கொண்டுவந்து, காதுக்கு இரண்டு மூன்று சொட்டு. பிறகு காதடியை வெளியிலிருந்து மெல்லப் பிசைந்துவிட வேண்டும். குட்டி தலையை உதறும்போது உங்கள் சட்டையில் கொஞ்சம் தெறிக்கும், அது பரவாயில்லை. பஞ்சுக் குச்சியைக் குழாய்க்குள் விடாதீர்கள். தெரிகிற இடத்தை மட்டும் துடைத்தால் போதும்.

சரி, பிறகு ஏன் எண்ணெயோடு நிற்கக் கூடாது? சிற்றுண்ணி காதுக்குள் மட்டும் இருப்பதில்லை. குட்டி காலால் காதைச் சொறிகிறது, அந்தக் காலை நக்குகிறது, பிறகு உடம்பைத் தடவுகிறது. இப்படியே கழுத்து, பாதம், வாலடி என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். காதில் விடுகிற எண்ணெய் அங்கெல்லாம் போகாது. அத்தோடு முட்டைகள் எண்ணெய்க்குத் தப்பிவிடும். நாலு நாளில் அவை பொரிக்கும். முட்டையிலிருந்து அடுத்த முட்டைவரை முழுச் சுற்று ஏறத்தாழ மூன்று கிழமை. ஆகவே எண்ணெயால் மட்டும் தீர்க்க நினைப்பவர் மூன்று நாலு கிழமைக்கு விடாமல் போட வேண்டும். முதல் கிழமை தினமும் போடுவார்கள். அரிப்பு நின்றதும் ஒருநாள் விட்டு ஒருநாளாகும், பிறகு மறந்தே போகும். ஒரு மாதத்தில் பொருக்கு திரும்பி நிற்கும். எண்ணெய்க்கு எதிராக எனக்குள்ள பெரிய வாதம் இந்த மறதிதான்.

வேப்பெண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். அதற்குச் சிற்றுண்ணியைக் கொல்கிற குணம் உண்டு. ஆனால் பச்சைப் புண்ணில் எரியும், குட்டி நக்கி வயிற்றுக்குள் எடுத்துக்கொள்ளும். பெரிய முயலுக்கு வேறு எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து போடுவதோடு நிற்கலாம், குட்டிக்கு வேண்டாம்.

கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் வேறு கதை. சொறிக்கு அதைப் பூசுவது நம் வீடுகளில் பழைய கைமருந்து, நாய்க்கும் பூசுகிறார்கள். கற்பூரம் புண் வழியாக உடம்புக்குள் போகும். அரைக் கிலோ உடம்புக்கு வலிப்பு வர அதிகம் தேவையில்லை. மண்ணெண்ணெய் பூசுகிற யோசனை யாரும் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். தோல் வெந்துபோகும்.

பக்கத்து வளவு ஆட்டு மருந்து

"தம்பி, எங்கட ஆட்டுக்குப் போட்டது மிச்சம் கிடக்கு. ஒரு சொட்டு ஏத்திவிடுங்கோ, ரெண்டு நாளிலை சுகமாயிடும்" என்று பக்கத்து வீட்டு அண்ணை போத்தலை நீட்டுவார். நல்ல மனதோடுதான் நீட்டுவார். போத்தலில் இருப்பதும் சரியான மருந்துதான். வைத்தியரும் அதே ஐவர்மெக்டினைத்தான் போடப் போகிறார். யப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து இது. அந்த வேலைக்காகச் சதோஷி ஒமுராவும் வில்லியம் கம்பெலும் 2015 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மருந்தில் குறையே இல்லை. சிக்கல் சிரிஞ்சில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். போத்தலில் பெரும்பாலும் 1% என்று போட்டிருக்கும். ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மருந்து. முயலுக்கு வழமையாகப் பாவிக்கிற அளவு, கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம்வரை. 3 கிலோ தாய் முயலுக்குக் குறைந்த அளவில் 0.6 மில்லிகிராம் வேண்டும், அதாவது 0.06 மில்லிலீற்றர். பாமசியில் வாங்குகிற சாதாரண 2 மில்லிலீற்றர் சிரிஞ்சில் மிகச் சின்னக் கோடு 0.1 மில்லிலீற்றர். "ஒரு கோடு" ஏற்றினாலும் தாய்க்குப் போவது கிலோவுக்கு 0.33 மில்லிகிராம். எல்லைக்குள்தான், தாய் தப்பிவிடும்.

இப்போது 400 கிராம் குட்டி. அதற்கு வேண்டியது 0.08 மில்லிகிராம், அதாவது 0.008 மில்லிலீற்றர். அதே "ஒரு கோடு" ஏற்றினால் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் ஆகிறது. வேண்டிய அளவைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! ஊசியின் அடியில் தங்கி நிற்கிற மருந்தே குட்டியின் முழு அளவைவிட அதிகம். இன்சுலின் சிரிஞ்சு வாங்கினாலும் அதன் ஒரு அலகு 0.01 மில்லிலீற்றர், குட்டிக்கு அந்த ஒரு அலகும் முழுதாக வேண்டியதில்லை. தண்ணீர் விட்டு ஐதாக்கலாமே என்றால், இந்த மருந்து தண்ணீரில் ஒழுங்காகக் கரையாது. ஒரு துளியில் ஒன்றும் இருக்காது, அடுத்த துளியில் எல்லாம் இருக்கும். எதில் கரைப்பது, எவ்வளவு கரைப்பது என்பது வைத்தியருக்குத் தெரியும்.

அளவு மீறினால் குட்டி தள்ளாடும், கண்மணி விரியும், எழும்ப முடியாமல் மயங்கிக் கிடக்கும். இதற்கென்று மாற்றுமருந்தும் இல்லை. சூடு போகாமல் வைத்து, நீர் கொடுத்து, உடம்பு தானாக மருந்தைக் கழிக்கும்வரை காத்திருப்பதுதான் வழி. குட்டிகள் அவ்வளவு நேரம் தாங்குவது அரிது.

ஆகவே அண்ணைக்குப் பதில்: "இல்லை அண்ணை, குட்டி அரைக் கிலோவும் வராது. டொக்டரிட்டையே கொண்டு போறன்." அவர் கோபிக்க மாட்டார்.

கடைத் துளி மருந்து

பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விடுகிற மருந்துகள் இவை. இவற்றில் செலமெக்டின் முயல் காதுச் சொறிக்கு நன்றாக வேலை செய்யும். ரெவல்யூஷன் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊசி இல்லை, நோவில்லை, காதைத் தொடவே தேவையில்லை. செல்லமாக ஒன்றிரண்டு முயல் வளர்க்கிறவருக்கு இது வசதியான வழி.

ஆனால் இது நாய்க்கும் பூனைக்கும் என்று செய்தது. முயலுக்குப் போடுவது வைத்தியரின் பொறுப்பில். பூனைக்குட்டிக்கான மிகச் சின்னக் குழாயிலேயே 15 மில்லிகிராம் இருக்கிறது. அரைக் கிலோ முயல் குட்டிக்கு அதை முழுதாக விடுவது கிலோவுக்கு 30 மில்லிகிராம், வழக்கமான அளவுக்கு நன்றாக மேலே. குழாயில் எத்தனை பங்கு என்று கேட்டுத் தெரிந்துதான் போட வேண்டும். போட்ட பிறகு காயும்வரை தனியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடப் பிறந்தவை நக்கும்.

கடையில் நிற்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியில் ஃபிப்ரோனில் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெள்ளுக்கும் உண்ணிக்கும் நாய்களுக்குப் போடுகிற மருந்து அது. புரொண்ட்லைன் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறது. நாய்க்குப் பிரச்சினை இல்லை. முயலுக்கு அது நஞ்சு, குட்டி முயலுக்கு இன்னும் மோசம். வலிப்பு வந்து செத்திருக்கின்றன. கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றால் நம்ப வேண்டாம்.

அரச கால்நடை வைத்தியர்

எங்கள் பக்கத்துக் கால்நடை வைத்தியர்களின் நாள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாயோடு போய்விடும். முயல் அவர்களுக்கு எப்போதாவது வருகிற நோயாளி. இதை ஒரு குறையாகச் சொல்ல நான் தயாரில்லை. போன் எடுத்து "முயல் குட்டி பார்ப்பீங்களோ, எப்ப கொண்டுவரலாம்" என்று கேட்டுவிட்டுப் போனால், அவரும் அளவைப் புரட்டிப் பார்த்துத் தயாராக இருப்பார். கட்டணம் பெரிதாக வராது. மருந்தை வெளியே வாங்கச் சொன்னால்தான் செலவு.

போகும்போது எடையைக் கொண்டுபோங்கள். குசினித் தராசில் ஒரு பேசினை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை உள்ளே விட்டால் ஐந்து கிராம் வித்தியாசத்துக்குள் எடை தெரியும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய அலுவலகத்தில் அரைக் கிலோவை அளக்கிற தராசு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வயது, தாயின் காது எப்படி, கூட்டில் எத்தனை இருக்கின்றன, இறைச்சிக்கா செல்லத்துக்கா என்பதையும் சொல்லுங்கள். இறைச்சிக்கென்றால் ஊசி போட்ட பின் எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்று கட்டாயம் கேட்டு, கூட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும்.

பயணத்துக்குக் காலை நேரம்தான். 30 பாகைக்கு மேல் முயலுக்குக் கஷ்டம், யாழ்ப்பாணத்தில் பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும் மாதங்கள் உண்டு. காற்றுப் போகிற பெட்டி, அடியில் பழைய துவாய், கூட ஒரு சகோதரக் குட்டி. தனியாகப் போகிற குட்டி பயத்திலேயே சோர்ந்துவிடும். காத்திருக்கும் இடத்தில் நாய்கள் நின்றால் பெட்டியோடு வெளியே மரத்தடியில் நில்லுங்கள்.

ஊசி ஒருமுறையோடு முடியாது. மருந்து முட்டையைக் கொல்வதில்லை. ஆகவே பத்து முதல் பதினாலு நாள் இடைவெளியில் இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. இந்த இரண்டாவது ஊசிக்குப் போகாமல் விடுவதும், எண்ணெயை இடையில் மறப்பதும் ஒரே பலனைத்தான் தரும். முதல் நாளிலேயே திகதியைக் கேட்டுக் கலண்டரில் வட்டம் போடுங்கள்.

தூரம் ஒரு உண்மையான தடை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பாயிலோ சுன்னாகத்திலோ இருப்பவருக்கு நான் சொல்வது லேசு. நெடுந்தீவிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் படகேறி வரச் சொல்வது அப்படியில்லை. அங்கே போன் ஆலோசனையும் எண்ணெயும்தான் முதல் வழி. குட்டி நன்றாகச் சாப்பிட்டு ஓடித் திரிகிறது என்றால் எண்ணெயோடு ஒரு கிழமை தள்ளலாம், காற்றும் கடலும் அமைதியான நாளில் வரலாம். சாப்பாட்டை விட்டுவிட்டால் காத்திருக்க முடியாது. குட்டி முயல் அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே குடல் நின்றுபோகத் தொடங்கும்.

பால்குடிக் குட்டிக்கு

குட்டியின் காதுத் துவாரம் பிறந்து சில நாள் கழித்துத்தான் திறக்கும். அதற்குப் பிறகுதான் சிற்றுண்ணி உள்ளே குடியேறும். எங்கிருந்து? தாயிடமிருந்து. தாயின் காதில் கொஞ்சமாக ஒளிந்திருந்து, அறிகுறியே இல்லாமல் இருந்திருக்கும். பால் மறக்கிற ஐந்து ஆறு கிழமையில் குட்டியின் காதில் பொருக்குத் தெரிவது இதனால்தான்.

இன்னும் பால் குடிக்கிற குட்டிக்கு ஊசியோ துளி மருந்தோ கேட்டு நான் அவசரப்பட மாட்டேன். காதில் எண்ணெய் மட்டும், அதுவும் இரண்டு சொட்டு. தாயை வைத்தியரிடம் காட்ட வேண்டும். தாய்க்குப் போடுகிற மருந்து பாலிலும் கொஞ்சம் வரும் என்பதால் குட்டிகளின் வயதை அவருக்குச் சொல்ல வேண்டும். உண்மையில் இதற்கு நல்ல நேரம் தாயை இணை சேர்க்க முன்னரே. முயலின் சினைக்காலம் 31 நாள்தான். சேர்ப்பதற்கு முன்பே காதைப் பார்த்து வைத்தியத்தை முடித்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

தலை சரிந்தால்

இங்கே ஒப்பீடு முடிந்துவிடுகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வட்டமாகச் சுற்றுகிறது, கண் ஊசலாடுகிறது, உருண்டு விழுகிறது என்றால் பிரச்சினை உட்காதிலோ மூளையிலோ இருக்கிறது. காதிலிருந்து நாற்றமோ வெண்ணெய்போல் கெட்டியான சீழோ வந்தாலும் அப்படித்தான். செவிப்பறை கிழிந்திருக்கலாம். எண்ணெய் விடாதீர்கள், எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள்.

இதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. ஒன்று பாஸ்டுரெல்லா முதலான பக்டீரியாக்கள் மூக்கிலிருந்து நடுக்காதுக்குப் போவது. இந்தக் குட்டிகளில் பலதுக்குத் தும்மலும் இருக்கும். மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் மயிர் ஒட்டிப்போய் இருக்கும். மற்றது என்செபலிட்டோசூன் குனிக்குலி என்கிற ஒட்டுண்ணி. தாயின் சிறுநீரிலிருந்து குட்டிக்குத் தொற்றும். அதற்கு ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தை 28 நாள் தொடர்ந்து கொடுப்பார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது வைத்தியருக்கே கடினம், ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தொடங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் கப்சூலை உடைத்துக் கரைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். காது வீக்கம் என்றதும் முதலில் கை போவது அந்தப் பெட்டிக்குத்தான். அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து கெட்டவை பெருகும். சில நாளில் கழிச்சல் கண்டு சாகும். மனிதப் பிள்ளைக்குச் சாதாரணமான மருந்து முயல் குட்டியைக் கொன்றுவிடும். வைத்தியர் என்றோபுளொக்சசின் போன்ற வேறொன்றைத் தருவார்.

அறுத்துவிடுவதா, காப்பாற்றுவதா என்ற கேள்வியும் வரும். விற்பனைக்கு வளர்க்கிறவருக்கு அது நியாயமான கேள்விதான். என் அளவுகோல் சாப்பாடு. கையால் கொடுத்தால் அறுகையும் முருங்கையிலையையும் கடித்துச் சாப்பிடுகிற குட்டிக்கு இரண்டு மூன்று கிழமை அவகாசம் கொடுக்கலாம். இரு பக்கமும் துவாயைச் சுருட்டி வைத்தால் உருளாது. சரிவு கொஞ்சம் மிச்சமாக இருந்தபடியே ஆயுள் முழுக்க நன்றாக வாழ்கிற முயல்கள் உண்டு. வாயில் வைத்தாலும் விழுங்காமல் ஓயாமல் உருளுகிற குட்டியை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அதற்குச் செய்கிற நன்மை ஆகாது. வைத்தியரிடம் மருந்தால் அமைதியாக முடித்துவைக்கக் கேளுங்கள். அப்படி மருந்தால் முடித்த முயல் சமையலுக்கு ஆகாது.

கூடு

எதைத் தெரிவுசெய்தாலும் கூடு சேர்ந்தே வரும். ஒரு குட்டிக்குச் சொறி என்றால் அந்தக் கூட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து. காது சுத்தமாகத் தெரிகிற முயலுக்கும்தான். நாலு முயலுக்குத் துளி மருந்து வாங்கிப் பாருங்கள், ஊசியின் மலிவு அப்போது தெரியும்.

சிற்றுண்ணி முயலின் உடம்பை விட்டு விழுந்தும் உயிரோடு இருக்கும். வெக்கையும் வறட்சியும் இருந்தால் கொஞ்ச நாள். குளிரும் ஈரமும் இருந்தால் மூன்று கிழமை வரை. சோளகம் வீசுகிற மாதங்களில் கூட்டைக் கழுவி வெயிலில் போட்டாலே பாதி வேலை முடியும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அந்த வெயிலை நம்ப முடியாது. அப்போது சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, கம்பிக் கூடாக இருந்தால் நெருப்புக் காட்டி எடுக்க வேண்டும். பனைமட்டையும் சலாகையும் அடித்த கூடுகள் பார்க்க அழகு, காற்றோட்டமும் நல்லது. ஆனால் கட்டுகிற இடங்களில் உதிர்ந்த பொருக்கு போய் ஒட்டிக்கொள்ளும். கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு கட்டாமல் சுத்தம் வராது. வைக்கோலையும் குட்டிப் பெட்டிக்குள் இருந்த மயிரையும் எரித்துவிடுங்கள். இரண்டு கூடு இருந்தால் ஒன்றை மூன்று கிழமை வெறுமையாக விட்டு மாற்றி மாற்றிப் பாவிப்பது எல்லாவற்றையும்விட லேசு.

சந்தையிலோ தெரிந்தவரிடமோ புதுச் சோடி வாங்கினால் அதே மூன்று கிழமை தனிக் கூட்டில். தீனி போடுகிற வரிசையில் புதியவை கடைசி, பிறகு கை கழுவ வேண்டும்.

மருந்து போட்டு ஒரு கிழமை பத்து நாளில் பொருக்கு கழன்று விழத் தொடங்கும். அடியில் இளம் தோல் சிவப்பாகத் தெரியும். இரண்டாவது ஊசி நாளில் காதைத் திறந்து பாருங்கள். பொருக்கு கொஞ்சமும் குறையவில்லை, அல்லது ஒரு காது ஆறி மற்றது நாறுகிறது என்றால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். உள்ளே பக்டீரியாத் தொற்று சேர்ந்திருக்கலாம், அப்போது மூன்றாவது ஊசியால் மட்டும் பயனில்லை.